தகடூரா, யவனரா? பண்டை வரலாற்றில் பிஎச்டி செய்ய நினைக்கும் வாசகிக்கு

வாசகியின் கடிதச் சுருக்கம் இது. வயது 32. பிறந்தது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். இப்போது தருமபுரி நகரில் கணவர், மாமியார், ஐந்து வயது மகளோடு இருக்கிறார். அரசுக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு, 53.4 சதவீதம். பி.எட். முடித்து, தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை; சம்பளம் 16,000. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கல்லூரி நாளிலிருந்தே கிரேக்க, ரோமானிய வரலாற்றின் மேல் ஆசை. ‘சங்க காலத் தகடூரும் யவன வணிகமும்’ என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறார். (தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர்; யவனர் என்று சங்கப் பாடல்கள் சொல்வது கிரேக்க, ரோமானியரை.) கணவர் வீட்டுத் தோட்டத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற ஒரு வீரக்கல் இருக்கிறது. அதில் எழுத்தும் தெரிகிறது. சுற்றிலும் தோண்டினால் இன்னும் கிடைக்கும் என்று நினைக்கிறார்.

55 சதவீதம் இல்லாததால் பிஎச்டிக்கே தகுதியில்லை என்றும், 30 வயது கடந்ததால் உதவித்தொகை கிடையாது என்றும் சிலர் சொல்லிவிட்டார்கள். ஓசூரில் இருக்கும் நாத்தனார் கணவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று 18 மாதத்தில் ஆன்லைனிலேயே டாக்டர் பட்டம் தருகிறது, 1.8 லட்சம் கட்டினால் போதும், தீசிஸ் எழுதவும் ஆள் இருக்கிறது என்கிறார். பள்ளியில் வரும் ஜூனில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு தருகிறார்கள். ‘எதை எடுப்பது, எதை விடுவது?’ என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் பாதி தவறு. அதை முதலில் ஒதுக்கிவிட்டு, நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கப்போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

மதிப்பெண்ணும் வயதும்

பிஎச்டி சேர்க்கைக்கு இப்போது நடப்பில் இருப்பது பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 நவம்பர் ஒழுங்குமுறை. முதுகலையில் 55 சதவீதம் என்பது பொது விதி. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் எனப்படும் வசதியான பிரிவில் வராத ஓபிசி (பிற பிற்படுத்தப்பட்டோர்), மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அப்படியென்றால் உங்களுக்கு 50 போதும். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதவும் ஓபிசிக்கு 50தான்.

இதில் பலர் சறுக்கும் இடம் சான்றிதழ். உங்கள் கையில் இருப்பது மாநில அரசின் எம்பிசி சாதிச் சான்றிதழ். நெட்டுக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ‘ஓபிசி, நான் கிரீமி லேயர்’ சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா, தேர்வு அறிவிப்பு எந்த நிதியாண்டுக்கான சான்றிதழைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருமணமான பெண்கள் கணவர் வருமானத்தைக் காட்டிக் குழப்பிக்கொள்கிறார்கள். கிரீமி லேயர் கணக்குக்குப் பெற்றோரின் நிலைதான் அடிப்படை. அவர்களுடைய சம்பளமும் விவசாய வருமானமும் ஆண்டுக்கு 8 லட்சம் என்ற வருமான வரம்பில் சேராது. கணக்கில் வருவது வாடகை, வியாபாரம் போன்ற பிற வருமானம். பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் பதவியின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள்.

வயது: பிஎச்டி சேர வயது வரம்பே கிடையாது. நெட்டில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்கான ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகைக்கு மட்டும் 30 வரம்பு. பெண்களுக்கும் ஓபிசிக்கும் 5 ஆண்டு தளர்வு. இரண்டும் சேர்ந்து பத்து ஆகாது, ஐந்துதான். ஆக, 35 வரை உங்களுக்கு வழி இருக்கிறது. நெட் வருடத்துக்கு இருமுறை நடப்பதால், ஐந்து ஆறு முயற்சிக்கு இடமுண்டு.

2024 முதல் நெட் மூன்று நிலைகளாக முடிவு தருகிறது: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கை மட்டும். பின் இரண்டு நிலைகளில் வருபவர்களுக்குச் சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று எடை. அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் விடாமல் எழுதலாம். வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் தவறவிடுவது இங்கேதான். பத்து அலகுகளில் கடைசியான ஆய்வு முறை, வரலாற்று வரைவியல் என்பதை ஆங்கிலக் கலைச்சொற்களோடு முதலில் படியுங்கள். பிஎச்டி நேர்முகத்திலும் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

தலைப்பில்தான் சிக்கல்

‘சங்க காலத் தகடூரும் யவன வணிகமும்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தலைப்பில் ஒரு தீசிஸ் நிற்காது. காரணத்தைச் சொல்கிறேன்.

யவன வணிகத்துக்கு முதன்மைச் சான்று ‘எரித்திரையக் கடல் பயண நூல்’. கி.பி. முதல் நூற்றாண்டு, கிரேக்க உரைநடை, 66 சிறு பகுதிகள். அது கப்பல்காரனுக்காக எழுதிய நூல்; கரையோரத் துறைமுகங்களை விரிவாகச் சொல்கிறது, தகடூர் பெயர் அதில் இல்லை. அடுத்தது வியன்னாவில் இருக்கும் முசிறி பாபிரஸ், சேர நாட்டு முசிறித் துறைமுக வணிகம் பற்றிய நாணல்தாள் ஆவணம்: இரண்டாம் நூற்றாண்டு, 1985ல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ‘ஹெர்மப்பொல்லோன்’ என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. அதிலும் உள்நாட்டு மலைப்பகுதி பற்றி ஏதுமில்லை. உங்கள் தலைப்பின் ஒரு பாதிக்குச் சான்று கடற்கரையிலும் எகிப்திலும் கிடக்கிறது. மறுபாதிக்குச் சான்று பென்னாகரத்திலும் அரூரிலும் கிடக்கிறது. நடுவில் பாலம் போடச் சங்கப் பாடலை எடுப்பீர்கள். பாடலின் காலத்தை வைத்துத் தொல்பொருளுக்குக் காலம் சொல்வது, பிறகு அந்தத் தொல்பொருளைக் காட்டிப் பாடலின் காலத்தை நிறுவுவது என்று சுற்றிச் சுற்றி வரும் வாதத்தில் முடியும். புறத்தேர்வாளர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இரண்டாவது, ‘கிரேக்கம் தெரியாவிட்டால் என்ன, ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பாடத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. பயண நூலுக்கு இன்று ஆதாரம் ஹைடல்பெர்க்கில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றுதான். லண்டனில் இருப்பது அதைப் பார்த்து எழுதிய படி. எழுதியவர் தடுமாறிய இடங்களில் ஊர்ப்பெயர்களைப் பதிப்பாசிரியர்கள் ஊகித்துத் திருத்தியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அந்தத் திருத்தம் தெரியாது. உறுதியான பெயர் மாதிரி அச்சாகியிருக்கும். முசிறி பாபிரஸில் தொடக்கமே கிடைக்கவில்லை. கடன் முசிறியில் வாங்கியதா, அலெக்சாந்திரியாவில் வாங்கியதா என்ற விவாதமே அந்த உடைந்த வரிகளை எப்படிப் படிப்பது என்பதில்தான் நடக்கிறது. மூலம் படிக்கத் தெரியாதவர் அந்த விவாதத்தில் யாரோ ஒருவர் பக்கம் சாயத்தான் முடியும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். எந்த மூலத்தை உங்களால் நேராகப் படிக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து தலைப்பு வரும், தலைப்பிலிருந்து நெறியாளர், நெறியாளரிலிருந்து பல்கலைக்கழகம். பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இடம் காலியாக உள்ள நெறியாளரிடம் போய், அவர் சொன்ன தலைப்பை வாங்கிக்கொண்டு, மூன்றாம் வருடம் மூலத்தைத் தேடுகிறார்கள்.

உங்களுக்கு மூன்று வழி தெரிகிறது.

ஒன்று, நடுகற்கள்; உங்கள் தோட்டத்தில் இருப்பது போன்ற வீரக்கற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டிலேயே நடுகல் செறிந்த பகுதி. பல்லவர் காலக் கற்கள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில், ‘கோவிசைய’ என்று தொடங்கி, அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், தொறு (மாட்டு மந்தை) கொண்டது அல்லது மீட்டது, பட்டவன் பெயர், ‘கல்’ என்று முடியும் ஒரு வாய்பாட்டில் வரும். மாநிலத் தொல்லியல் துறையின் ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரி கல்வெட்டுகள்’ தொகுதிகள் ஒரு தொடக்கம். இதில் நல்ல கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கற்கள் ஆற்றுப் படுகைகளில் எப்படிப் பரவியிருக்கின்றன, மாடு கவர்ந்தவர் யார் மீட்டவர் யார், ஒரே ஊர் பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று கை மாறும்போது வாய்பாடு மாறுகிறதா? நுளம்பர் பக்கம் போனால் கன்னடக் கல்வெட்டும் படிக்க வேண்டும்; ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழக்கமுள்ளவர்களுக்கு அது பெரிய சுமை இல்லை.

இரண்டு, அதியமான்களும் அசோகனும். அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று அடுக்கி, தாமிரபரணியை (இலங்கையை) சொல்லி, அதே வாக்கியத்தில் யவன அரசன் அந்தியோக்கையும் சொல்கிறது. 1981ல் கண்டறிந்த ஜம்பைத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு ‘ஸதியபுதோ’ என்பதைத் தகடூரை ஆண்ட அதியன் நெடுமான் அஞ்சியோடு சேர்த்தது. அசோகனுக்குக் கந்தகாரில் கிரேக்கக் கல்வெட்டுகளும் உண்டு. தகடூரையும் யவனரையும் நியாயமாக ஒரே பக்கத்தில் வைக்க உங்களுக்கு இருக்கும் இடம் இது. இதற்குத் தமிழி, அசோகன் பிராமி, பிராகிருதம் வேண்டும். நல்ல தலைப்பு, ஆனால் சான்று சின்னது. பலர் உழுத நிலம்.

மூன்று, கிரேக்க மூலத்தையே எடுப்பது. அந்த ஆசையைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பயண நூலின் கிரேக்கம் எளிய நடை; ஆனாலும் தினம் ஒரு மணி நேரம் ஒழுங்காகப் படித்தாலும் அகராதியோடு தடுமாறாமல் வாசிக்க இரண்டு ஆண்டு பிடிக்கும். பெர்சியஸ் மின்நூலகத்தில் கிரேக்க, லத்தீன் மூலங்களும், ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன.

என் பரிந்துரை முதல் வழி. வட்டெழுத்து நாலைந்து மாதப் பயிற்சியில் கைக்கு வரும், மூலம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, வார இறுதியில் களப்பணி செய்யலாம். கிரேக்கத்தை விடச் சொல்லவில்லை. பட்டத்துக்கு நடுகல், மனசுக்கு கிரேக்கம் என்று இரண்டையும் ஓட்டுங்கள். பட்டம் முடிந்த பிறகு இரண்டாவது ஆய்வு எதில் என்று அப்போது பார்க்கலாம்.

மயிலாடும்பாறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து அந்த இடத்தில் இரும்புக்கு கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்ததை 2022 மே மாதம் அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் தாண்டி இன்னும் பழமைக்குப் போனது. பூதிநத்தம், சென்னானூர் என்று உங்கள் பக்கத்திலேயே அகழாய்வுகள் நடந்தன. ஆனால் அகழாய்வுப் பொருள்கள் துறையின் கையில். முழு அறிக்கை வெளிவராத பொருளை நம்பித் தலைப்பு வைத்தால், அனுமதிக்குக் காத்திருந்தே பதிவுக்காலம் கரைந்துவிடும்.

உங்கள் தோட்டத்துக் கல்

தயவுசெய்து தோண்டாதீர்கள். அகழாய்வு என்பது உரிய அனுமதியோடு நிறுவனங்கள் செய்வது. தனி ஆய்வு மாணவர் செய்வதில்லை. மண் அடுக்கு ஒருமுறை கலைந்தால் கிடைக்கும் பொருளுக்குக் காலமே சொல்ல முடியாது. புதையல் சட்டம் 1878ல் வந்தது. மண்ணில் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் சொந்த நிலம் என்பது அந்தக் கடமையை நீக்காது.

செய்யக்கூடியது வேறு. மஞ்சளும் எண்ணெயும் பூசிய கல்லில் எழுத்து மங்கியிருக்கும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் படக்கூடாது. சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின் மேல் வரைவதும் கூடாது, அது நீங்கள் நினைத்த எழுத்தைக் கல்லில் ஏற்றிவிடும். பூசாரியிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு, வெறும் தண்ணீர், மென்மையான நார் பிரஷ், அவ்வளவுதான். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஒட்டினாற்போலப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பகலில் நேராக எடுத்த படத்தில் தெரியாத எழுத்து இதில் நிழலோடு எழும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கட்டும். இடத்தின் ஜிபிஎஸ் குறியீடு, கல்லின் உயரம் அகலம், எந்தத் திசை பார்க்கிறது என்று குறியுங்கள். கல் எப்போதும் அங்கேயே இருந்ததா, ரோடு போடும்போது நகர்த்தி வைத்ததா என்று பெரியவர்களைக் கேளுங்கள். இதைக் கேட்காமல் வரைபடம் போட்டுப் பிறகு அத்தியாயத்தையே நீக்க வேண்டி வந்த ஆய்வுகள் உண்டு.

மைப்படி எடுப்பதைப் பயிற்சி பெற்றவரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, அரை ஈரத்தில் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை ஊறிக் கல்லில் இறங்கும். காய்ந்துவிட்டால் தாள் காற்றில் பிய்த்துக்கொண்டு போகும். வழிபாட்டில் இருக்கும் கல்லில் மை வேண்டவே வேண்டாம், படம் போதும்.

படிக்கும்போது அவசரம் ஆகாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடு எழுத்தில் தெரியாது. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தோன்றும். முதல் வாசிப்பை எழுதி மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி படித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்தக் கல் ஏற்கெனவே பதிவானதா என்று தொகுதிகளில் பாருங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் படங்களைக் காட்டுங்கள். புதிது என்றால் துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் பெயரில் ஒரு சிறு கட்டுரை அதிலிருந்தே வரலாம்.

பகுதிநேரமா, முழுநேரமா

பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவில் 2 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 சேர்த்து மொத்தம் 10 வரை போகலாம். பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை உண்டு. கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வோடு படித்துத் தேற வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை கட்டாயம்.

பகுதிநேரத்துக்கு விதி அனுமதி தருகிறது, ஆனால் பள்ளி நிர்வாகம் என்ஓசி தர வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, வேலை நேரம் ஆய்வுக்கு இடம் தருகிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்குப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பள்ளிகள் தரத் தயங்கும்.

முழுநேரம் என்றால் ஜேஆர்எஃப் வேண்டும். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு மூன்று ஆண்டு 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. உங்கள் இப்போதைய சம்பளத்தை விட இரு மடங்குக்கு மேல். ஆனால் பணம் மாதாமாதம் வராது. சில மாதம் நின்று மொத்தமாக வரும். ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். ஜேஆர்எஃப் கிடைக்காவிட்டால் மத்திய அரசின் ஓபிசி தேசிய உதவித்தொகை, இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகை, தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். இதே நிலையில் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி வாசகர்கள் மாநில அரசின் முழுநேர ஆய்வு ஊக்கத்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 1 லட்சம்.

என் கணக்கு: அடுத்த இரண்டு மூன்று நெட் தேர்வு வரை பள்ளியை விடாதீர்கள். ஜேஆர்எஃப் வந்தால் முழுநேரம். நெட் மட்டும் வந்தால் என்ஓசியோடு பகுதிநேரம்.

நெறியாளர், பல்கலைக்கழகம்

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகின்றன. வளாகம் பெங்களூரு சாலையில் கருப்பூர் பக்கம் என்பதால், சேலம் ஊருக்குள் நுழையாமலே போய் வரலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித்துறை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டை வரலாறு, தொல்லியல் துறை. நடுகல் என்று முடிவானால் கல்வெட்டு தெரிந்த நெறியாளர்தான் முக்கியம், தூரம் அப்புறம்.

ஒரு பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. போய்ப் பார்க்கும் முன், இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவர் வழிகாட்டிய இரண்டு தீசிஸ்களைப் படியுங்கள். மாணவர் கல்வெட்டைத் தானே படித்திருக்கிறாரா, அச்சான பாடத்தை எடுத்து ஒட்டியிருக்கிறாரா என்று பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். நேரில் போகும்போது இரண்டு பக்க முன்வரைவும், உங்கள் தோட்டத்துக் கல்லின் படமும் வாசிப்பும் எடுத்துப் போங்கள். தீசிஸைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழக ரசீது இல்லாத எந்தப் பணமும் கட்டணம் இல்லை. அப்படிக் கேட்டால், வீட்டு வேலை சொன்னால், வேறு விதமாகத் தொல்லை தந்தால் மாணவர் குறைதீர் குழு, குறைதீர்ப்பாளர், உள்ளகப் புகார்க் குழு என்று முறையான வழிகள் இருக்கின்றன. நாளும் தேதியும் போட்டுக் குறிப்பு வைத்திருங்கள்.

கட்டுரை வெளியிட்டால்தான் தீசிஸ் சமர்ப்பிக்கலாம் என்ற கட்டாயத்தை மானியக்குழு 2022லேயே எடுத்துவிட்டது. சேரும் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களுக்கு ஒரு பைசா தராதீர்கள்.

நாத்தனார் கணவர் சொல்லும் பட்டம்

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்டி இந்தியாவில் செல்லாது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (இணையவழிக் கல்வி) கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்டியை நம்ப வேண்டாம் என்று மானியக்குழுவும், தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. 1.8 லட்சம் போவது மட்டும் இழப்பு இல்லை; அந்தப் பட்டத்தை ஒரு விண்ணப்பத்தில் எழுதினால் பிறகு கேள்வி வரும்.

ஆள் வைத்து எழுதுவது இன்னும் மோசம். மானியக்குழுவின் 2018 கருத்துத்திருட்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓர் ஆண்டு தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. மென்பொருளில் தப்பினாலும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு மைப்படியை நீட்டி ‘மூன்றாம் வரியைப் படியுங்கள்’ என்பார்.

நிஜமான வெளிநாட்டுப் படிப்பு வேறு விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் செவ்வியல் (கிரேக்க, லத்தீன்) பிஎச்டிக்குப் பொதுவாக ஐந்தாண்டு உதவித்தொகை தருகின்றன. பதிலுக்குச் சேரும்போதே கிரேக்கமும் லத்தீனும், படிக்கும்போது ஜெர்மனும் பிரெஞ்சு அல்லது இத்தாலியமும் கேட்கின்றன. பிரிட்டனில் பண்டை வரலாற்றுப் பிரிவுகள் மொழியில் சற்று இளகும். ஆனால் காமன்வெல்த், ஃபெலிக்ஸ் போன்ற உதவித்தொகைகளுக்குப் போட்டி கடுமை. மொழி இல்லாத இன்றைய நிலையில் அது உங்களுக்கு முதல் படி ஆகாது. பட்டியல் சாதி வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை விதிகள் 2022ல் இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு சார்ந்த தலைப்புகளை விலக்கின. வெளிநாட்டில் போய் நம் நடுகல்லைப் படிக்க அதில் பணம் இல்லை. கிரேக்கத்தைப் படிக்கத் தடையில்லை. விசித்திரமான விதி. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலை

‘பிஎச்டி முடித்தால் அரசுக் கல்லூரி வேலை நிச்சயம்’ என்று உங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்த வாக்குறுதியை இப்போதே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு. முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை என்று 2023 ஜூலையில் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் பணியிடம் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போதுதான். இடையில் பல ஆண்டு இடைவெளி விழும். உங்கள் 53.4 சதவீதத்துக்கு அந்த வாரியத்தின் அறிவிப்பு எந்தப் பிரிவுக்குத் தளர்வு தருகிறது என்று வரி வரியாகப் படியுங்கள். பிஎச்டி சேர்க்கைக்குக் கிடைத்த தளர்வு அங்கேயும் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நாளை அரசுப் பள்ளியில் சேர்ந்தாலும், பிஎச்டிக்கு ஊக்க ஊதிய உயர்வு என்ற பழைய ஏற்பாட்டை மாநில அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தொல்லியல் பக்கம் போக நினைத்தால், மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் கல்வெட்டியல், தொல்லியல் முதுநிலைப் பட்டயப் படிப்பையும் விசாரியுங்கள். அங்கே பெறும் கல்வெட்டுப் பயிற்சி உங்கள் ஆய்வுக்கும் ஆகும்.

ஜூன் மாத ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு நிபந்தனையோடு. அவர்களுக்கு நீங்கள் தேவைப்படும் அந்தப் பேச்சிலேயே என்ஓசியைப் பற்றிப் பேசுங்கள். மேலே சொன்ன மூன்று வாசகங்களையும் நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய், தாளாளர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ‘சேரும்போது பார்த்துக்கலாம் டீச்சர்’ என்று சொன்னால், பொறுப்பை மறுத்துவிட்டு மாலை நேரத்தை நெட்டுக்கு வைத்துக்கொள்வது உங்களுக்கு லாபம்.